தாத்தாவின் விரல் நடை ஒரு ஃபைலில்: திருப்புகழ்ச் சந்தத்தை மொபைலில் மிடி ஆக்குவது எப்படி?

ஓம் சரவணபவ! 

நம்ம தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "அண்ணா, பஜனைப் பாட்டுக்கு மொபைல்லயே மியூசிக் போட முடியுமா? எந்த ஆப் நல்லது?" முடியும். ஆனா எந்த ஆப் என்பது கடைசிக் கேள்வி. முதல்ல, எதை ரெக்கார்ட் பண்ணப் போறோம் என்று தெரிஞ்சுக்கணும். அதைத்தான் இந்தப் பாடத்தில் படிப்படியா பார்க்கப் போறோம்.

நான் படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. சொந்த ஊர் கும்பகோணத்துக்கும் திருவையாறுக்கும் நடுவுல ஒரு கிராமம். சங்கீதம் முறையா படிச்சவன் இல்லை. கிருத்திகை பஜனையில் உட்கார்ந்து காதால் கேட்டதுதான். அதனால இதை வித்வான் பாடமா எடுத்துக்காம, கூடப் பாடுற ஒருத்தன் சொல்றதா எடுத்துக்கோங்க.

*1. வார்த்தை பிழைச்சது, மெட்டு போச்சு*

அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டில் பாடிய திருப்புகழ் 16,000 என்று மரபில் சொல்வார்கள். இன்னிக்கு நம்ம கையில் இருப்பது சுமார் 1,300. இதுவும் தானா கிடைக்கலை. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊரா அலைஞ்சு ஏடுகளைத் தேடி, 1894-ல் முதல் பாகமும் 1901-ல் இரண்டாம் பாகமும் அச்சில் கொண்டுவந்தார். அவர் தேடலைன்னா நாம பாட வார்த்தையே இருந்திருக்காது.

ஆனா ஏட்டில் மெட்டு இல்லை. அருணகிரிநாதர் எந்த மெட்டில் பாடினார் என்பது நமக்கு வந்து சேரலை. இன்னிக்கு நாம பாடும் மெட்டுகள் பின்னால் வந்தவர்கள் அமைத்தவை. குருஜி ஏ.எஸ். ராகவன் மட்டுமே சுமார் 500 பாடல்களுக்கு ராக தாளம் அமைத்து, திருப்புகழ் அன்பர்கள் வழியா உலகம் முழுக்கப் பாட வைத்தார்.

மெட்டு போன பிறகும் ஒண்ணு மட்டும் அப்படியே நிக்குது: சந்தம். திருப்புகழ்ப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே "தத்த தனதன" என்ற மாதிரி ஒரு வரி அச்சடிச்சிருக்கும், பார்த்திருப்பீங்க. குறில் எங்கே, நெடில் எங்கே, ஒற்று எங்கே என்ற கணக்கு வார்த்தைக்குள்ளேயே கட்டியிருப்பதால், காலக் கணக்கு 500 வருஷம் தாண்டி வந்திருக்கு. எழுதி வச்சது நின்னது, எழுதாதது போனது.

இப்போ உங்க ஊர் பஜனையை நினைச்சுப் பாருங்க. எந்த கேசட்டிலும் யூடியூபிலும் இல்லாத மெட்டு ஒண்ணு உங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கையில் இருக்கும். அதை எழுதி வைக்க நம்ம பாக்கெட்டில் இருக்கிற கருவி போதும். அந்த எழுத்துக்குப் பேர்தான் மிடி.

*2. மிடி என்றால் என்ன?*

நிறைய பேர் மிடி ஒரு ஒலி ஃபைல் என்று நினைக்கிறாங்க. மிடியில் ஒலியே கிடையாது. சாஃப்ட்வேர் ஆளுக்குப் புரியிற மாதிரி சொன்னா, அது ஒரு லாக் ஃபைல். எந்தக் கட்டையை அழுத்தினாங்க, எப்போ அழுத்தினாங்க, எவ்வளவு வேகமா அழுத்தினாங்க, எப்போ விட்டாங்க. அவ்வளவுதான். ஒலியை ஆப்பில் இருக்கிற வாத்தியம் பிறகு உண்டாக்கும்.

அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுடாரோ காகேஹாஷியும் முன்னின்று, பல கம்பெனிகள் ஒத்துக்கொண்டு 1983-ல் வந்த முறை இது. ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஒரு எண். ஹார்மோனியத்தில் நாம 1 கட்டை என்கிறோமே, அந்த நடு சட்ஜம் 60. அடுத்த கறுப்புக் கட்டை 61. 5 கட்டை 67. அழுத்தும் வேகத்துக்கு 1 முதல் 127 வரை இன்னொரு எண். அதைத்தான் ஆப்பில் வெலாசிட்டி என்று போட்டிருக்கும்.

ஒரு கட்டையை அழுத்தினா 3 பைட் தகவல். ஒரு முழுப் பாட்டு சில பத்து கேபிக்குள் அடங்கிடும். அதே பாட்டை தரமான ஸ்டீரியோ ஒலியா வச்சா நிமிஷத்துக்கு 10 எம்பி ஆகும். அளவை விடப் பெரிய லாபம் வேற: பிறகு வேகத்தை மாத்தலாம், சுருதியை மாத்தலாம், குரல் கரகரக்காது. எந்த விரல் எப்போ விழுந்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பெரியவரின் வாசிப்பைக் கத்துக்க இதைவிட நல்ல வசதி கிடையாது.

*3. ஆப்பைத் திறக்கும் முன் விரலைத் திற*

எங்க ஊரில் நடந்ததைச் சொல்றேன். கிருத்திகை பஜனைக்கு பசங்க ஒரு ரெடிமேட் தாள லூப்பை ஸ்பீக்கரில் போட்டாங்க. கேட்க ஜோரா இருந்தது. ஹார்மோனியம் வாசிக்கிற தாத்தாவுக்கு எழுபது தாண்டியாச்சு. சுவாமிமலைத் திருப்புகழ் ஒண்ணை எடுத்தார். மூணாவது சுற்றில் ஜால்ரா போடுற பாட்டி கையை நிறுத்திட்டாங்க. "பாட்டு ஒரு பக்கம் போவுது, தட்டு ஒரு பக்கம் போவுதுடா" என்றாங்க. தாத்தா கோபப்படலை. "அது நமக்காக நிக்காது தம்பி, நாமதான் நிறுத்திக்கணும்" என்று சொல்லிட்டு ஹார்மோனியத்தை மூடிட்டார். அடுத்த கிருத்திகைக்கு அவர் வரலை. பாட்டியும் வரலை.

குறை யார்கிட்டயும் இல்லை, கணக்கில்தான். அந்தப் பாட்டு 10 மாத்திரைச் சுற்று. லூப் 8 மாத்திரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 2 மாத்திரை விலகும். நாலு சுற்று கழிச்சுத்தான் இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சேரும். நடுவில் பாட்டின் அழுத்தம் ஒரு இடத்தில், தட்டின் அழுத்தம் வேற இடத்தில். பாட்டிக்கு இந்தக் கணக்கைச் சொல்லத் தெரியாது. கை கண்டுபிடிச்சிடுச்சு.

அதனால முதல் வேலை சந்தத்தை எண்ணுவது. குறில் 1 மாத்திரை, நெடில் 2. குறிலோடு ஒற்று சேர்ந்தா 2. உதாரணத்துக்கு நானே ஒரு சந்தம் கட்டிக்கிறேன்:

தந்த – தனதன – தான

தந் 2, த 1: மொத்தம் 3
த ன த ன: மொத்தம் 4
தா 2, ன 1: மொத்தம் 3

ஆக 3 + 4 + 3 = 10 மாத்திரை. இதைத் தாளச் சொல்லில் தகிட – தகதிமி – தகிட என்று சொல்லலாம். திருப்புகழ் பாடுறவங்க இதையே 1½ + 2 + 1½ = 5 என்று எழுதுவாங்க. இரண்டு மாத்திரை சேர்ந்தா ஒரு எண்ணிக்கை, அதனாலதான் அந்த அரை.

ஒரு எச்சரிக்கை. அடியின் கடைசியில் வரும் தொங்கலைத் தனியா எண்ணுங்க. அங்கே பாடுறவங்க ஒரு மூச்சு நிப்பாங்க. அந்த நிறுத்தம் எத்தனை மாத்திரை என்பது புத்தகத்தில் இருக்காது. உங்க ஊர்ப் பெரியவர் பாடும்போது கையில் தட்டி எண்ணணும்.

*4. பத்து மாத்திரையை ஆப்புக்குள் வைப்பது*

கராஜ்பேண்ட், எஃப்.எல். ஸ்டுடியோ மொபைல், பேண்ட்லேப் எதுவானாலும் வேலை ஒரே மாதிரிதான். முதல்ல வேகம். பெரியவர் பாடினதை சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரில் எடுத்துக்கோங்க. 8 சுற்றுக்கு எத்தனை விநாடி என்று பாருங்க. 48 விநாடி என்று வச்சுக்குவோம். 8 சுற்று என்றால் 80 மாத்திரை. ஒரு மாத்திரைக்கு 0.6 விநாடி. 30-ஐ அதால் வகுங்க: 50. அதுதான் ஆப்பில் கொடுக்க வேண்டிய பி.பி.எம். ஆப்பின் ஒரு பீட் நமக்கு 2 மாத்திரை என்பதால் 60-க்குப் பதில் 30.

அடுத்தது தாளம். 5/4 கொடுக்க முடிகிற ஆப் என்றால் கவலையே இல்லை, ஒரு பார் ஒரு சுற்று. ஐபோன் கராஜ்பேண்டில் 4/4, 3/4, 6/8 மட்டும்தான் இருக்கு. அதுக்கும் வழி உண்டு. 4/4-ல் ஒரு பாருக்கு 8 மாத்திரை. அப்போ சுற்றில் எத்தனை மாத்திரையோ அத்தனை பார் வச்சா, உள்ளே சரியா 8 சுற்று அடங்கும். நம்ம 10 மாத்திரைப் பாட்டுக்கு 10 பார், 8 சுற்று. மிஸ்ர சாபு மாதிரி 7 மாத்திரைக்கு 7 பார், 8 சுற்று. 9 மாத்திரைக்கு 9 பார், 8 சுற்று. செக்ஷன் நீளத்தை இந்தக் கணக்கில் வச்சிட்டா லூப் எவ்வளவு நேரம் சுத்தினாலும் விலகாது.

மெட்ரோனோமை அணைச்சிடுங்க. அது 4-ல் ஒண்ணுக்கு மணி அடிச்சு குழப்பும். அதுக்குப் பதிலா முதல் டிராக்கில் நீங்களே ஒரு தட்டு டிராக் போடுங்க. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தட்டு. தகிட, தகதிமி, தகிட தொடங்கும் இடத்தில் வெலாசிட்டி 110, மத்த இடத்தில் 60, 70. சுற்றின் முதல் தட்டுக்கு மட்டும் 120. இதைக் கேட்டாலே பாட்டு தெரிஞ்சவங்க வாய் தானா முணுமுணுக்கணும். முணுமுணுக்கலைன்னா எண்ணினதில் எங்கேயோ தப்பு, மறுபடி எண்ணுங்க.

ஜால்ரா ஒலிக்கு ஆப்பில் தேட வேண்டாம். உங்க கோயில் ஜால்ராவையே போன் மைக்கில் ஒரு தட்டு ரெக்கார்ட் பண்ணி சாம்ப்ளர் வசதியில் ஏத்துங்க. அந்த ஓசை உங்க ஊருக்குப் பழகினது.

*5. பெரியவரை வாசிக்க வைப்பது*

25 கட்டை உள்ள சின்ன மிடி கீபோர்டு ஒண்ணு, போனில் இணைக்க ஒரு ஓ.டி.ஜி. கேபிள், போதும். கண்ணாடித் திரையில் வாசிக்கச் சொல்லாதீங்க. பல வருஷம் கட்டையைத் தொட்ட விரலுக்கு அது ஒத்துவராது. ஹெட்போனும் மாட்டி விடாதீங்க. சின்ன ஸ்பீக்கரில் தட்டு டிராக்கைப் போடுங்க, அதை வயரில் இணைங்க. புளூடூத் என்றால் விரல் அழுத்தி கொஞ்சம் கழிச்சுத்தான் ஒலி வரும். அந்தத் தாமதத்தில் எந்த வித்வானும் தடுமாறுவார். தப்பு தன் மேல என்று பெரியவர் நினைச்சுடுவார்.

இரண்டு முறை எடுங்க. முதல் முறை தட்டு எதுவும் இல்லாம, அவர் இஷ்டத்துக்கு. அது பொக்கிஷம். அதில் எதையும் திருத்தாம ஒரு நகல் வச்சிடுங்க. இரண்டாவது முறை தட்டோடு.

ஹார்மோனியத்தில் வேகமா அழுத்தினாலும் மெதுவா அழுத்தினாலும் ஒலியின் பலம் மாறாது. துருத்திதான் பலத்தைக் கொடுக்கும். கீபோர்டில் துருத்தி இல்லை. அதனால ஹார்மோனிய டிராக்கில் வெலாசிட்டி எல்லாத்தையும் 90 மாதிரி ஒரே எண்ணாக்குங்க. துருத்தியின் ஏற்ற இறக்கத்தை வால்யூம் ஆட்டோமேஷன் கோட்டால் பிறகு வரையலாம். எக்ஸ்பிரஷன் வசதி உள்ள ஆப் என்றால் அது 11-ஆம் கன்ட்ரோலர். வரையும்போது பழைய ரெக்கார்டிங்கைக் காதில் கேட்டுக்கிட்டே வரையுங்க.

*6. குவாண்டைஸ் பட்டனைத் தொடும் முன்*

குவாண்டைஸ் என்றால் முன்னப் பின்ன விழுந்த சுரங்களை எல்லாம் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்துவது. வயலில் கயிறு கட்டி நடவு நடுற மாதிரி, வரிசை சுத்தமா இருக்கும். தட்டு டிராக்குக்கும் ஜால்ராவுக்கும் இது நல்லது.

பெரியவரின் டிராக்குக்கு வேண்டாம். பாட்டுக்கு உயிர் கொடுக்கிற சில இடங்களில் அவர் வேணும்னேதான் பின்தங்குவார். தாத்தாவின் டிராக்கை நான் பெரிசாக்கிப் பார்த்தப்போ, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவது தகிட தொடங்கும் சுரம் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னாலதான் விழுந்திருந்தது. ஒரு இடத்தில் என்றால் கை நடுக்கம் என்று விட்டிருப்பேன். எட்டு சுற்றிலும் அதே இடம், ஏறக்குறைய அதே அளவு. வந்திருந்த பாட்டிகிட்ட போட்டுக் காட்டினேன். "அங்கதான்டா வேலை எடுக்குற மாதிரி ஒரு இழுப்பு வரும்" என்றாங்க. குவாண்டைஸ் அழுத்தியிருந்தா அந்த இழுப்பு ஒரு நொடியில் காணாமப் போயிருக்கும்.

அதனால நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை பாருங்க. உண்மையிலேயே தவறி விழுந்த சுரத்தைக் கையால் ஒண்ணொண்ணா நகர்த்துங்க. எது தவறு, எது இழுப்பு என்று வாசிச்சவரைக் கேட்டுட்டு நகர்த்துங்க.

*7. கமகம்: மிடி தடுமாறும் இடம்*

மிடியின் சுரங்கள் படிக்கட்டு மாதிரி, ஸ்தாயிக்கு 12 படி. ஹார்மோனியமும் அப்படித்தான். அதனால ஹார்மோனியத்தை மிடி ஆக்குவதில் பெரிசா எதுவும் நஷ்டமாகாது. இந்தப் படிக்கட்டுக் குறை காரணமாத்தான் ஆல் இந்தியா ரேடியோவில் 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்துக்குத் தடையே இருந்தது.

நாதஸ்வரம் அப்படி இல்லை. நம்ம நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைஞ்சு செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைச்சது தெரிஞ்சிருக்கும். அதில் வாசிக்கிறவர் விரலால் துளையைப் பாதி திறந்து, சீவாளியை உதட்டால் அழுத்தி, மூச்சை ஏத்தி இறக்கி இரண்டு படிக்கு நடுவில் எங்கே வேணும்னாலும் நிப்பார். இதற்கு மிடியில் இருப்பது பிட்ச் பெண்ட். அதில் 16,384 நிலைகள், நடு நிலை 8,192. பெரும்பாலும் மேலே 2 அரைச்சுரம், கீழே 2 அரைச்சுரம் வரை போகும். எண்ணிக்கை தாராளம்தான். ஆனா ஒரு சானலில் பெண்ட் பண்ணினா அந்த சானலில் ஒலிக்கிற எல்லா சுரமும் சேர்ந்து வளையும். அதனால மெட்டுக்குத் தனி டிராக் வையுங்க, சுருதிப் பெட்டி ஒலியை அதோடு கலக்காதீங்க.

இன்னொண்ணு. 1991-ல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்தியம் இருக்கு. சிதார் 105-வது, ஷெனாய் 112-வது. வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை, மிருதங்கமும் தவிலும் இல்லை. ஷெனாயைப் போட்டுட்டு நாதஸ்வரம் என்று எழுதாதீங்க. தஞ்சாவூர்க்காரன் கேட்டா சிரிப்பான்.

இந்த விஷயம் நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை, அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்று அச்சிட்டப்போ, கமகங்களுக்கு என்றே தனிக் குறிகள் போட்டார். வெறும் சரிகமபதநி போதாது என்று அவருக்குத் தெரிஞ்சிருந்தது. தஞ்சாவூரில் சித்த வைத்தியம் பார்த்த ஆபிரகாம் பண்டிதர் 1912-ல் சங்கீத சங்கம் தொடங்கி, மாநாடுகள் கூட்டி, 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி என்பதைக் கணக்குப் போட்டே காட்டி, 22 என்று சொன்னவர்களை மறுத்து 24 என்று வாதாடினார். 12 படி போதுமா என்று நாம இன்னிக்கு ஆப்பில் கேட்கிற கேள்வியை அவர் பேனாவும் தாளும் வச்சு அப்போதே கேட்டிருக்கார்.

காதால் சோதிக்க ஒரு வழி: தம்புரா ஒலியோடு மிடி ஹார்மோனியத்தின் அந்தர காந்தாரத்தை நீளமா பிடிங்க. லேசா அலை அடிக்கும். இயற்கையா சேரும் காந்தாரத்தைவிட ஆப்பின் காந்தாரம் சுமார் 14 சென்ட் உயரம். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், அதனால அது நிம்மதியா கேட்கும்.

ஆகவே என் யோசனை: பாட்டைக் குரலே பாடட்டும். சுருதி, தாளம், ஹார்மோனியம் இந்த மூணு மட்டும் மிடியில் இருக்கட்டும். கமகம் குரலில் வரும், அதை விரலால் வளைச்சுப் போலியா செய்ய வேண்டாம்.

*8. சுருதி மாத்துவது*

ஆண்கள் 1 கட்டையில் பாடுவாங்க, பெண்கள் 5 கட்டை கேட்பாங்க. மிடியில் எல்லா சுரத்துக்கும் 7 கூட்டினா முடிஞ்சது, 60 இருந்த இடத்தில் 67. ஆனா தாள டிராக்கை விட்டுட்டுத்தான் மாத்தணும். ஜெனரல் மிடியில் 10-வது சானல் தாளத்துக்கு. அங்கே எண் என்பது சுருதியைக் குறிக்காது, எந்தத் தாளக் கருவி என்பதைக் குறிக்கும். 7 கூட்டினா ஜால்ரா இருந்த இடத்தில் வேற எதாவது டமால் என்று கேட்கும்.

தம்புராவுக்கு 1 கட்டையில் 55, 60, 60, 48 என்று நாலு சுரம்: மந்திர பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், மந்திர சட்ஜம். இதைத் தாளத்தோடு ஒட்ட வைக்காதீங்க. தம்புரா தன் போக்கில் ஓடினாத்தான் அழகு. ஒரு சின்ன விஷயம்: 60-ஐ சில ஆப் சி3 என்று காட்டும், சில ஆப் சி4 என்று காட்டும். எண்ணை நம்புங்க.

*9. பத்திரப்படுத்துவது*

ஆப்பின் புராஜெக்ட் ஃபைலை மட்டும் நம்பாதீங்க. ஆப் நாளைக்கு நின்னு போகலாம், போன் மாறலாம். மிடி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. எல்லா ஆப்பிலும் இந்த வசதி கிடையாது, அதனால வேலையைத் தொடங்கும் முன்னாடியே பார்த்துக்கோங்க. ஆப் தேர்ந்தெடுக்க என்னோட ஒரே நிபந்தனை இதுதான். கூடவே முதல் நாள் எடுத்த வாய்ஸ் ரெக்கார்டிங், சந்தக் கணக்கு எழுதின தாளின் போட்டோ. மூணையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பெரியவர் பேர், ஊர், தேதி, யாரிடம் கத்துக்கிட்டார் என்பதை எழுதி வையுங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டா அனுப்புங்க.

பொதுவில் பகிரும் முன் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவர் பேரை எடுத்துட்டு ஃபார்வர்டு பண்றது, ஏட்டில் முதல் பக்கத்தைக் கிழிச்ச மாதிரி.

எங்க ஊரில் நானும் பசங்களும் தாத்தா வீட்டுத் திண்ணைக்கே கீபோர்டைத் தூக்கிட்டுப் போய் மூணு சாயங்காலம் உட்கார்ந்தோம். லூப் போட்ட அதே பசங்கதான் விரல் விட்டு 10 எண்ணினாங்க. தட்டு டிராக்கைக் கேட்டதும் தாத்தா எதுவும் சொல்லலை. தொடையில் தாளம் போட ஆரம்பிச்சார். நாலாவது சுற்றில் பாட்டும் வந்தது. இப்போ அவர் வராத நாளிலும் அவர் நடையில்தான் பஜனை போகுது. வர்ற நாளில் ஸ்பீக்கரை அணைச்சிடுவோம்.

தைப்பூசம் வந்தா டெல்டாவில் சம்பா அறுப்பும் கூடவே வரும். பெரியவங்களுக்கு நேரம் கிடைக்காது. அதனால காத்திருக்க வேண்டாம். சுவாமிமலையில் தகப்பனே மகன் முன் அடங்கி நின்னு காது கொடுத்தார் என்று நமக்குத் தெரியும். நமக்கு அந்த அளவுக்குக் கூட வேலை இல்லை, நம்ம தாத்தாகிட்ட உட்கார்ந்து கேட்டா போதும்.

வர்ற கிருத்திகைக்குள் செய்ய வேண்டியது மூணே வேலை: உங்க ஊருக்கே உரிய ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்க. பெரியவர் பாடுவதை ரெக்கார்ட் பண்ணி மாத்திரையை எண்ணுங்க. தட்டு டிராக் மட்டும் போட்டு அவருக்குக் கேட்க வையுங்க. மத்த எல்லாம் பிறகு பார்த்துக்கலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! சுவாமிநாதனுக்கு அரோகரா!